கருகிய அப்பம்

“மனுசன் பாடுபட்டா இந்த உலகம் மாறுமா, மாறாதா? எனக்கு இன்னைக்கு அது தெரிஞ்சாகணும், சிஸ்டர்.”

வாசலில் நின்றபடியே கேட்டார் சந்தியாகு சாமியார். ‘இயேசுவுக்கே புகழ்’ என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது. முன்னூறு படி ஏறி வந்ததில் மூச்சு வேறு வாங்கிக்கொண்டிருந்தது.

செசிலி சிஸ்டர் தரையில் உட்கார்ந்து கோதுமை மாவு சலித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“செருப்பைக் கழற்றிட்டு வாங்க, ஃபாதர். மாவுல மண்ணு விழும்.”

கேட்டது என்ன, கிடைத்தது என்ன! வேறு யாராக இருந்தாலும் வந்த வழியே திரும்பி நடந்திருப்பார்கள். சந்தியாகு சாமியார் செருப்பைக் கழற்றினார். இருபத்தேழு வருசப் பழக்கம் அப்படி.

கழுகுப்பாறை மலை மேலே அது ஒரு சின்ன மடம். ஒரு கோயில், ஒரு அடுக்களை, நாலு அறை. சுற்றுவட்டாரப் பங்குக் கோயில்களில் பூசைக்கு வேண்டிய அப்பம் இங்கேதான் சுடப்படும். நற்கருணை நேரத்தில் சாமியார் ஒவ்வொருவர் நாக்கிலும் வைக்கிறாரே, வெள்ளையாக, வட்டமாக, காகிதம் மாதிரி மெல்லிசாக, அந்த அப்பம்.

ஒரு காலத்தில் நாலு சகோதரிகள் இருந்தார்கள். இரண்டு பேர் கோயிலுக்குப் பின்னால் மண்ணுக்குள் இருக்கிறார்கள். ஒருவர் முழங்கால் வலி தாங்காமல் டவுன் மடத்துக்குப் போய்விட்டார். மிச்சம் செசிலி சிஸ்டர் ஒருத்தர்தான்.

குருப்பட்டம் வாங்கின புதுசில் சந்தியாகு சாமியார் அப்பம் வாங்கிப் போக இங்கே வந்தார். சிஸ்டர் அவரைவிட நாலு வயசு சின்னவர். பேச்சுவாக்கில், “என் பிரசங்கத்துல எல்லாரும் தூங்குறாங்க” என்று அலுத்துக்கொண்டார்.

“களைச்சுப்போய் வர்றாங்க, பாவம். கொஞ்சம் மெல்லமாப் பேசுங்க, ஃபாதர்,” என்றார் சிஸ்டர்.

மலை இறங்குகையில் அந்த வார்த்தை உறைத்து, பாதிப் படியில் சாமியார் அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்குப் பிடித்ததுதான். பெரிய படிப்புப் படித்த குருமார் எத்தனையோ பேரை அவருக்குத் தெரியும். ஆனால் மனசு முட்டிக்கொண்டால் அவர் கால் வந்து நிற்கிற இடம் இந்த அடுக்களைதான். உங்கள் குரு யார் என்று யாராவது கேட்டால், அவர் ஒரு மாவுச் சல்லடையைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

“உட்காருங்க. தண்ணி குடிங்க. என்னாச்சு?”

“சுவரைத் திரும்பக் கட்டிட்டாங்க.”

சிஸ்டரின் கையில் சல்லடை நின்றது.

சுவர் என்றால், சாமியாரின் பங்கான ஓடைப்புரத்துக் கல்லறைத் தோட்டத்துச் சுவர். மேலத்தெருக்காரர்களுக்கு ஒரு பக்கம், கீழத்தெருக்காரர்களுக்கு ஒரு பக்கம், நடுவில் ஆளுயரத்துக்குச் சுவர். ஒரே கோயில், ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே பூசை. செத்தால் மட்டும் ஒருத்தர் காற்று இன்னொருத்தர் மேலே படக்கூடாது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு எல்லாரும் ஒரே மோட்சத்துக்குப் போவார்களாம்!

அந்தச் சுவரை எடுக்கச் சொல்லித்தான் சந்தியாகு சாமியார் ஒன்பது வருசம் மன்றாடினார். வீடு வீடாக ஏறி இறங்கினார். நாற்பது நாள் ஒரு வேளைக் கஞ்சியோடு கிடந்தார். இரண்டு தடவை மாற்றல் வந்தது. மாற்றல் போட்ட ஆயரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி நிறுத்திக்கொண்டார்.

போன நவம்பரில், கல்லறைத் திருநாள் அன்று, சனமே சேர்ந்து சுவரை இடித்தது. முதல் கடப்பாறையைப் போட்டவர் மேலத்தெருப் பெரியவர் பெர்க்மான்ஸ். சாமியார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க அழுதார்.

“எப்பக் கட்டினாங்க?” என்றார் சிஸ்டர்.

“ஜூன்ல. கீழத்தெரு செபமாலையம்மாள் தவறிப்போச்சு. சுவர் போனப்புறம் வந்த முதல் சாவு அதுதான். குழி வெட்டினவங்க பழைய அளவைப் பார்க்கல. ஏன் பார்க்கணும்? சுவர்தான் இல்லையே! ரெண்டடி மேலத்தெருப் பக்கமாப் போயிடுச்சு.”

“ம்.”

“அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே பேச்சு கிளம்பிடுச்சு. நாலே நாள், சிஸ்டர். நான் ஒன்பது வருசம் பாடுபட்டதை நாலே நாள்ல கட்டி முடிச்சுட்டாங்க. முன்னே மண்சுவர். இப்ப சிமெண்டு. முன்னைவிட ஒரு முழம் உசரம்.”

“யார் முன்னே நின்னது?”

சாமியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பெர்க்மான்ஸ். கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அவரே முதல் கல்லை வெச்சார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி குனிஞ்சுகிட்டார்.”

சிஸ்டர் மடியிலிருந்த மாவைத் தட்டிவிட்டார்.

“அந்தம்மா கால்மாட்டுக்கு மேலேயே சுவர் போகுது, சிஸ்டர். செத்தவ காலை மிதிச்சுக்கிட்டு நிக்குது.”

அடுப்பில் விறகு வெடித்தது.

“இப்ப மேலத்தெருவுல என்னைக் கீழத்தெருச் சாமிங்கிறாங்க. கீழத்தெருவுல, ஆசை காட்டி மோசம் பண்ணிட்டீங்களே சாமிங்கிறாங்க. குசினிக்காரரும் நின்னுட்டார். நானே கஞ்சி வெச்சு நானே குடிக்கிறேன். காலையில பூசை முடிஞ்சா, மறுநாள் பூசை வரைக்கும் ஒரு மனுசக் குரல் கிடையாது. நேத்துப் பல்லியோட பேசிக்கிட்டிருந்தேன்.”

“பல்லி என்ன சொல்லிச்சு?”

“சிஸ்டர்!”

“சரி, சரி. சொல்லுங்க.”

சாமியார் பையைத் திறந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார்.

“ஆயருக்கு எழுதிட்டேன். எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம், ஏதாவது விடுதியில ஒரு மூலை குடுங்க, சாகிற வரைக்கும் கிடக்கிறேன்னு. நீங்க ஒண்ணு சொல்லுங்க. மனுசன் பாடுபட்டா உலகம் மாறும்னா, இதைக் கிழிச்சுப் போட்டுட்டு ஓடைப்புரம் போறேன். மாறாதுன்னா, கீழே இறங்கி நேரா ஆயர் வீடு. ரெண்டுல ஒண்ணு.”

“எத்தனை பக்கம்?”

“என்னது?”

“கடிதம்.”

“நாலு.”

“ஆயருக்குக் கண்ணுல ஆபரேசன் ஆகியிருக்கு. ஒரு பக்கமா எழுதக் கூடாதா?”

சாமியாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு! ஆண்டவரே வந்து ரெண்டாயிரம் வருசம் ஆச்சு. அவராலயே ஒண்ணும் கிழிக்க முடியல. நான் எம்மாத்திரம்?”

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். சிலுவை போட்டுக்கொண்டார். இத்தனை வருசத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

சிஸ்டர் கோபப்படவில்லை.

“அவருக்குச் சொந்தமா ஒரு கல்லறைகூட இல்லை, ஃபாதர். இன்னொருத்தர் கல்லறையிலதான் கொண்டுபோய் வெச்சாங்க,” என்றார். பிறகு சல்லடையைத் தட்டினார். “நாளைக்குப் பதில் சொல்றேன். இப்ப மாவு கரைக்கணும். கை கழுவிட்டு வாங்க.”

“நானா?”

“வேற யார் இருக்காங்க இங்கே?”

அப்பம் சுடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கோதுமை மாவு, தண்ணீர், அவ்வளவுதான். உப்பு கிடையாது, புளிப்பு கிடையாது. தோசை மாவைவிட நீர்க்கக் கரைக்க வேண்டும். நீளப் பிடி வைத்த இரும்பு அச்சு இரண்டு தட்டாகத் திறக்கும். ஒரு கரண்டி ஊற்றி, மூடி, அடுப்பில் காட்டினால் பெரிய தகடாக வெந்து வரும். அந்தத் தகட்டைப் பிற்பாடு வட்ட வட்டமாக வெட்டிக்கொள்வது.

சாமியார் அங்கியை முழங்கை வரை சுருட்டிக்கொண்டார். முதல் கரண்டியிலேயே பாதி மாவு அடுப்பில் விழுந்து புகைந்தது.

“எவ்வளவு நேரம் வேகணும்?”

“ஒரு பரலோக மந்திரம்.”

கடிகாரம் பார்ப்பதெல்லாம் அந்த அடுக்களையில் இல்லை. ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தை அவசரமில்லாமல் ஒரு தடவை சொல்லி, ஆமென் போட்டு, அச்சைத் திறந்தால் தகடு வெள்ளையாகக் கழன்று வரும். பாதியில் திறந்தால் ஒட்டிக்கொள்ளும். ஆமெனைத் தாண்டிப்போனால் கருகும். நாலு சகோதரிகளும் அந்தக் காலத்தில் இப்படித்தான் சுட்டார்கள்.

சாமியார் சொல்ல ஆரம்பித்தார். பச்சைப்பிள்ளையிலிருந்து சொல்கிற செபம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தப்பாமல் சொல்லுவார்.

உணவு கேட்கிற வரி தாண்டியது. அடுத்தது, நமக்குத் தீங்கு செய்தவர்களை நாம் பொறுத்துக்கொள்கிற வரி.

வாய் நின்றுவிட்டது.

கண்ணுக்கு முன்னால் பெர்க்மான்ஸ். மடித்துக் கட்டின கைலி. குனிந்த முதுகு. அந்த முதுகை நவம்பரில் இதே கைகளால் தடவிக்கொடுத்தோமே என்று நினைத்தார். நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

“ஃபாதர், புகையுது.”

“சேசுவே!”

அச்சைத் திறந்தார். தகட்டின் ஒரு பக்கம் பழுப்பு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

“எந்த வரியில நின்னீங்க?” என்று கேட்டார் சிஸ்டர்.

சாமியார் அச்சைச் சுரண்டினார். சிஸ்டர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கும் அங்கேதான் கருகும்.”

“உங்களுக்கா? யாரை நினைச்சு?”

“அது எதுக்கு உங்களுக்கு?”

சாமியார் அந்தத் தகட்டைத் தூக்கிப் போடப் போனார். சிஸ்டர் கையை நீட்டி வாங்கி, மற்றத் தகடுகள் வைக்கிற பலகையில் வைத்தார்.

“அதைக் கோழிக்காவது போடுங்களேன்.”

“இங்கே கோழி இல்லை.”

அதற்கப்புறம் சாமியார் அந்த வரியை முணுமுணுவென்று வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டு அடுத்த வரிக்கு ஓடினார். தகடுகள் வெள்ளையாக வந்தன. பத்துப் பதினைந்து சேர்ந்ததும் அவருக்கு ஒரு தெம்பு வந்தது. வெட்டுகிற வட்டக் கத்தியை எடுத்துச் சுடச்சுட ஒரு தகட்டில் வைத்து அழுத்தினார். தகடு சடசடவென்று நொறுங்கி மடியெல்லாம் கொட்டியது.

“சுட்டவுடனே வெட்டக் கூடாது, ஃபாதர். விடியிற வரைக்கும் ஈரத்துணிக்குள்ளே கிடக்கணும். அப்பத்தான் வெட்டுக்கு இணங்கும்.”

“முன்னாலயே சொல்லக் கூடாதா?”

“நீங்க எங்கே கேட்டீங்க?”

சாமியார் மடியிலிருந்த தூளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். உப்பும் இல்லை, சப்பும் இல்லை.

“இதையெல்லாம் யார் சாப்பிடுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, சிஸ்டர்?”

“தெரியாது.”

“எத்தனை வருசமாச் சுடுறீங்க?”

“முப்பது இருக்கும்.”

“முப்பது வருசம்! லட்சக்கணக்கா சுட்டிருப்பீங்க. இதைச் சாப்பிட்டு ஒருத்தராவது திருந்தினாங்கன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?”

சிஸ்டர் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

“நீங்க இருபத்தேழு வருசமாச் சாப்பிடுறீங்களே, ஃபாதர்.”

மூக்குடைபட்டது என்றால் அப்படி ஒரு மூக்குடைப்பு. சாமியார் அசடு வழிய வெளியே போய்ப் பாறையில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. கீழே தூரத்தில் ஊர்கள் தெரிந்தன. அதில் எது ஓடைப்புரம் என்று அவர் தேடவில்லை. ஒன்பது வருசத்தில் அந்த ஊரில் எத்தனை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருப்பார், எத்தனை பேரை மண்ணுக்குள் இறக்கியிருப்பார். அவர் மலையேறிப் போனது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. திரும்பி வராவிட்டால் எப்போது தெரியும்? காலைப் பூசைக்கு மணி அடிக்காதபோது தெரியும். அப்போதும், சாமியார் எங்கேயோ போயிருக்கார் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இதை நினைத்ததும் அவருக்குத் தன்மேலேயே இரக்கம் வந்து கண் கலங்கிவிட்டது.

கோயிலுக்குள்ளே சிஸ்டர் செபமாலை ஆரம்பித்தார்.

செபமாலை தனியாகச் சொல்கிற சமாசாரம் இல்லை. முதல் பாதியை ஒருத்தர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். சிஸ்டர் முதல் பாதியைச் சொன்னார். நிறுத்தினார். மறுபாதியை அவர் சொல்லவில்லை. மூன்று பேர் அதை நிதானமாகச் சொல்லி முடிக்கிற நேரம் வரைக்கும் அந்தக் கோயிலில் சத்தமே இல்லை. அப்புறம் மறுபடியும் முதல் பாதி. மறுபடியும் அந்த மௌனம்.

செபமாலையின் முதல் பத்து மணிகளும் இப்படியே போயின. சாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது பத்தில், பாறையில் உட்கார்ந்தபடியே, வெளியிலிருந்தே மறுபாதியைச் சொன்னார்.

உள்ளே சிஸ்டரின் குரல் ஒரு நொடி தடுமாறியது. பிறகு தொடர்ந்தது.

செபம் முடிந்து சிஸ்டர் வெளியே வந்ததும் சாமியார் கேட்டார்.

“உங்களுக்குத் தனியா இருக்கிறது கஷ்டமா இல்லையா?”

ஆண்டவர் துணையிருக்கிறார், அது இது என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார்.

“கஷ்டமாத்தான் இருக்கு,” என்றார் சிஸ்டர்.

“அப்ப அந்த மறுபாதியையும் நீங்களே சொல்லிட வேண்டியதுதானே? எதுக்கு விட்டு வைக்கிறீங்க?”

“யாராவது வந்தா சொல்லட்டுமேன்னு. இன்னைக்கு நீங்க வந்தீங்களே.”

சிஸ்டர் தன் அறைக்குப் போனார். சாமியாருக்குக் கோயிலை ஒட்டின விருந்தாளி அறை. படுத்ததுதான் தெரியும்.

விடிந்ததும் இருவரும் உட்கார்ந்து வெட்டினார்கள். ஈரத்தில் கிடந்த தகடுகள் இப்போது பேச்சில்லாமல் கத்திக்கு இணங்கின. டப்பா டப்பாவாக வெள்ளை வட்டங்கள் நிறைந்தன.

“ஃபாதர், ஒரு உதவி.”

“சொல்லுங்க.”

“எனக்கு ஒரு பூசை வெச்சுட்டுப் போங்க. இங்கே பூசை நடந்து அஞ்சு வாரம் ஆச்சு. கீழே பங்குச் சாமியார் காலை உடைச்சுக்கிட்டார். அவரால படியேற முடியாது.”

சாமியாருக்குச் சுரீரென்றது. சுற்றுவட்டாரத்துக்கே அப்பம் சுட்டு அனுப்புகிறவர் இங்கே அஞ்சு வாரமாகப் பட்டினி. அடுக்களை நிறைய அப்பம் இருக்கிறது. அதை நற்கருணையாக்கிக் கொடுக்க ஒரு குரு வேண்டும்.

ஆனாலும் அவர் தலையை ஆட்டினார்.

“வேண்டாம், சிஸ்டர். மனசில்லாம எப்படி வைக்கிறது? ஒப்புக்குப் பூசை வைக்க என்னால ஆகாது.”

“ஒப்புக்கு வேண்டாம். ஒப்புக்கொடுங்க, போதும்.”

காணிக்கை நேரத்தில் சாமியார் தினமும் சொல்கிற வார்த்தை அது. இருபத்தேழு வருசமாக அதை எந்த லட்சணத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. எழுந்து போய்ப் பூசை உடுப்பை மாட்டினார்.

“யாருக்காகப் பூசை?” என்று கேட்டார் சிஸ்டர்.

“செபமாலையம்மாள் ஆத்துமத்துக்கு.”

பீடத்தில் ஒரு மெழுகுவத்தி. எதிரே ஆறு பெஞ்சு. முதல் பெஞ்சில் செசிலி சிஸ்டர் மட்டும் முழங்காலில் இருந்தார். சாமியார் வாசகம் வாசித்தார். பிரசங்கம் வைக்கவில்லை. அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

காணிக்கை நேரம் வந்தது. சிஸ்டர் எழுந்து அப்பத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சாமியார் குனிந்து பார்த்தார். தட்டில் ஒரே ஒரு பெரிய அப்பம். பாதி பழுப்பு. ஓரத்தில் கறுப்பு.

“சிஸ்டர், தட்டு மாறிப்போச்சு.”

“மாறலை.”

“இது அந்தக் கருகின தகடு.”

“ஆமா. நீங்க சுட்டது.”

“உள்ளே வெள்ளையா அத்தனை கிடக்கே. அதுல ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”

சிஸ்டர் நகரவில்லை.

சாமியார் தட்டைப் பீடத்தில் வைத்தார். கருகினாலும் அது கோதுமை அப்பம்தான், திருச்சபைச் சட்டப்படி செல்லும். அது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் அந்தக் கறுப்பு எதனால் வந்தது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவர் கோபத்தில் கருகினது அது. பெர்க்மான்ஸின் முதுகு அதில் இருக்கிறது. அதைப் போய் இரண்டு கையாலும் தூக்கி ஆண்டவர் முகத்துக்கு நேரே எப்படிக் காட்டுவது?

“வெட்கமா இருக்கு, சிஸ்டர். இதைப் போய் எப்படிக் கொடுக்கிறது? இது எப்படி ஆண்டவரோட உடலா மாறும்?”

“நீங்களா மாத்தப் போறீங்க, ஃபாதர்?”

சாமியார் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுத் தன் பெஞ்சுக்குத் திரும்பிப் போய் முழங்காலில் இருந்தார்.

வெகுநேரம் அவர் அப்படியே நின்றார். மெழுகுவத்தி ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை, தும்மக்கூட இல்லை.

பிறகு சாமியார் அந்த அப்பத்தை எடுத்தார். இரண்டு கையாலும் தூக்கினார். ஒப்புக்கொடுக்கிறோம் என்று சொல்கிற இடத்தில் குரல் உடைந்து, ஐம்பத்தைந்து வயசு மனுசன் தேம்பித் தேம்பி அழுதார். அழுதுகொண்டே சொல்லி முடித்தார்.

பூசை நடந்தது. அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றம் ஆயிற்று. பரலோக மந்திரம் வந்தது. அந்த வரிக்கு முன்னால் சாமியார் நின்றார். சிஸ்டரும் கூடவே நின்றார். அப்புறம் சாமியார் அந்த வரியைச் சொன்னார். மனசு பூராவும் அதில் இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் விழுங்காமல், ஒவ்வொரு வார்த்தையாக, வாய் திறந்து சொன்னார்.

அப்பத்தை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியைச் சிஸ்டருக்குக் கொடுத்தார். அஞ்சு வாரத்துக்கப்புறம் கிடைத்தது. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. மறுபாதியைச் சாமியார் உட்கொண்டார். கறுப்பு இருந்த பாதி அதுதான். கொஞ்சம் கசந்தது.

மத்தியானம் ரசமும் அப்பளமும் சாப்பிட்டார்கள். இரண்டரை மணிக்கு அடிவாரத்தில் பஸ். சாமியார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

“நேத்து ஒண்ணு கேட்டேன்.”

“ஆமா, கேட்டீங்க.”

“நாளைக்குச் சொல்றேன்னீங்க. நாளைக்கு வந்தாச்சு.”

சிஸ்டர் ஒரு காலி டப்பாவைத் துடைத்து மூடியைத் திறந்தார்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஓடைப்புரத்துக்கு எத்தனை பேருக்குக் கட்டட்டும்?”

சாமியார் கணக்குப் பார்த்தார். போன ஞாயிறு நற்கருணை வாங்க வந்தவர்கள் முப்பத்தேழு பேர். மேலத்தெருவிலிருந்து ஒருத்தரும் கோயில் வாசலை மிதிக்கவில்லை. கீழத்தெருவிலும் வயசானவர்கள்தான் வந்தார்கள், அவர்களும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சண்டைக்கு முன்னால் நானூறு பேர் வரிசையில் நிற்பார்கள்.

“சுவர் அங்கேயேதான் நிக்கும், சிஸ்டர்.”

“நிக்கும்.”

“பெர்க்மான்ஸ் வரமாட்டார்.”

“வராமலும் போகலாம்.”

முப்பத்தேழு என்று சொல்ல வாயெடுத்தார். சிஸ்டர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானூறு,” என்றார் சந்தியாகு சாமியார்.